டாக்டர் முகம் தெரியாத டேங்க்

எங்கள் ஊர் புவெர்தோ கராகொலியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் டாக்டர்தான். ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மேசை இருந்தால் போதும். அப்படி ஊரிலேயே நீளமான மேசைக்குச் சொந்தக்காரர் டாக்டர் எலியோதோரோ புஸ்தமாந்தே. அவர் நகரப் பளபளப்புத் துறையின் செயலாளர்.

இந்தத் துறை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழாய்களில் தண்ணீர் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துபோகும். பக்கத்திலேயே மக்தலேனா ஆறு ஓடுகிறது, அதற்கும் குழாய்க்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆஸ்பத்திரி ரோட்டில் ஒரு பள்ளம். ரொம்ப காலமாக எங்களோடு இருப்பதால் அதற்கு ‘தோன்யா ரமோனா’, அதாவது ரமோனா அம்மாள், என்று பெயர் வைத்து வருடாவருடம் பிறந்தநாள் கேக் வெட்டுகிறோம். இதையெல்லாம் தீர ஆராய்ந்த மேயர், ஊருக்கு அவசரமாகத் தேவைப்படுவது பளபளப்பு என்று கண்டுபிடித்தார்.

உடனே விதி வந்தது. மக்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் எல்லாம் பளபளக்க வேண்டும். பளபளப்பு என்றால் என்ன என்று யாரும் குழம்பிவிடக் கூடாதே என்று விதியே விளக்கமும் சொல்லிவிட்டது. ஆய்வாளர் குனிந்து பார்த்தால் பெட்ரோல் டேங்கில் அவர் முகம் தெரிய வேண்டும். தெரிந்தால் வண்டி சுத்தம். தெரியாவிட்டால் ஓட்டுநரின் மஞ்சள் மேல்சட்டை பறிமுதல். அந்தச் சட்டை இல்லாமல் எங்கள் ஊரில் மோட்டோ டாக்ஸி, அதாவது சவாரி ஏற்றும் மோட்டார் சைக்கிள், ஓட்ட முடியாது. ஓட்டாவிட்டால் அன்று அடுப்பு எரியாது.

ஆய்வாளராக வந்தவர் வில்ஃபிரிதோ. நல்ல மனிதர், நல்ல மீசை. தினமும் காலையில் சந்தை முனையில் இருக்கும் எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து, முதல் வண்டியில் மீசையைச் சீவுவார், அடுத்த வண்டியில் பல்லைப் பார்ப்பார், அதற்கடுத்ததில் மூக்கைக் கவனிப்பார். அவர் முகம் கழுவாத குறையாக எங்கள் வரிசை முடியும். ஒரு மனுஷன் முகம் பார்ப்பதற்காக நாற்பது பேர் சவாரியை விட்டுவிட்டு டேங்கைத் தேய்த்துக்கொண்டு நின்றோம். தேய்க்கும் பசை துறையே அங்கீகரித்தது. அதைத் தயாரிப்பவர் டாக்டருடைய மச்சான் என்பது தற்செயல். மச்சான் யாருக்கும் இருக்கலாம்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நோரெலிஸ் பல்லெஸ்தாஸ் புது வண்டியோடு வந்து சேர்ந்தாள்.

அவள் எங்கள் ஸ்டாண்டில் பழைய ஆள்தான். வாய் கொஞ்சம் நீளம். அதற்கு முன்னால் ஓட்டிய வண்டியின் டேங்க், விதிப்படி, கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு நாள் உச்சி வெயில் அதில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் குருடாக்க, பின்னால் ஒரு கூடை முட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்மணியையும் சேர்த்துத் தோன்யா ரமோனாவில் இறக்கிவிட்டாள். எலும்பு எதுவும் உடையவில்லை. முட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நல்லது. அன்றே முடிவெடுத்துவிட்டாள். அடுத்து வாங்கினால் மினுங்காத வண்டிதான்.

வாங்கினாள். மேட் கறுப்பு. அடுப்புக்கரியின் கறுப்பு. வெயில் மேலே விழுந்தால் அப்படியே உள்ளே போய்விடும், வெளியே வராது. வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு பொருள் அவள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கைக்கு வந்திருந்தது. அதை அவள் கவனித்துக்கொண்ட விதம் எங்களுக்குத் தினசரி வேடிக்கை. மாமரத்தடியில் நிறுத்த மாட்டாள், கிளி எச்சம் விழும். விழுந்துவிட்டால் சவாரியை நடுவில் நிறுத்திவிட்டு ஈரத்துணியோடு பாய்வாள். பெட்ரோல் போடும்போது குழாயைச் சுற்றித் துணியைப் பிடித்துக்கொள்வாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது. கழுவுவதென்றால் நிழலில், என்ஜின் ஆறிய பிறகு. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியை ஊறவிட்டு ஓடவிடுவாள். அப்புறம் காரமில்லாத சோப்பும் மெத்தென்ற துணியும். தேய்க்கவே மாட்டாள். கடைசியில் இன்னொரு துணியை வைத்து ஒற்றி எடுப்பாள், அவ்வளவுதான்.

“உன் பிள்ளைங்களையாவது இப்படித் துடைச்சிருக்கியா, நோரே?” என்று ஓஸ்னாய்டர் கேட்டான். எங்களில் சின்னவன், கிண்டல்காரன்.

“பிள்ளைங்கள அழுத்தித் தேய்க்கலாம்டா. இத தேய்ச்சா போச்சு. தேய்ச்ச எடம் மட்டும் மினுங்கும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. மொத்தமா உரிச்சு பெயிண்ட் அடிக்கணும்.”

அந்த வண்டியின் முன்னால்தான் அடுத்த நாள் காலை, லீவு முடிந்து வந்த வில்ஃபிரிதோ சீப்போடு குனிந்தார். சீப்பு மீசைக்குப் போகாமல் பாதியில் நின்றது.

“எங்கே?” என்றார்.

“என்ன எங்க?”

“நான்.”

“இங்கதான நிக்கிறீங்க.”

“டேங்க்லம்மா. டேங்க்ல நான் எங்கே?”

“டேங்க்ல பெட்ரோல் இருக்கு. நீங்க எதுக்கு அதுக்குள்ள போறீங்க?”

நாங்கள் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுமையான மனிதர். உதவி செய்யும் நோக்கத்தோடு பையிலிருந்து துறையின் பசையை எடுத்து, டேங்கின் வலப்பக்கம் ஒரு பொட்டு வைத்து, சட்டைக்கையால் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துவிட்டார். நோரெலிஸ் அவர் கையைத் தட்டிவிடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் மாமரத்துக் கிளிகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

“பாத்தீங்களா! இப்போ என் மூக்கு தெரியுது. இன்னும் கொஞ்சம் தேய்ச்சா முழுசா வந்துருவேன்.” வில்ஃபிரிதோ உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

காசு அளவு ஒரு வட்டம், கறுப்புக்கு நடுவில் எண்ணெய் பட்ட மாதிரி மினுங்கியது. அவள் சோப்புத் தண்ணீரால் கழுவினாள், ஒற்றினாள், மறுபடி கழுவினாள். வட்டம் போகவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிச்ச முகமும் தெரியாவிட்டால் சட்டை பறிமுதல் என்று வில்ஃபிரிதோ சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மேல்முறையீட்டுக்குப் போனோம். சாட்சி சொல்ல நானும் போனேன்.

பளபளப்புத் துறை அலுவலகத்தில் தரைக்கும் பாலிஷ். முன்மாதிரியாக இருக்க வேண்டுமல்லவா. அதனால் ஊழியர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். குறுக்கே போக வேண்டியவர்கள் உட்கார்ந்தபடியே நகர்வார்கள். ஒரு கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக ஏன் அவ்வளவு காலமாகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, டாக்டரின் மேசைவரை வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

“சொல்லும்மா. என்ன குறை?”

“குறை வண்டில இல்ல டாக்டர், விதியில. இது மேட் பெயிண்ட். கம்பெனியிலயே இப்படித்தான் வருது. மேல் பூச்சுல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கு. அதுல பட்டு வெளிச்சம் செதறிப் போயிடும். தேய்ச்சா அந்த மேடெல்லாம் மழுங்கிரும்.”

“மேடு பள்ளமா?” டாக்டர் முகத்தைச் சுளித்தார். “நகராட்சி எல்லைக்குள் மேடு பள்ளத்தை நாங்கள் அனுமதிப்பதில்லை.”

“அப்ப தோன்யா ரமோனா?”

“அது சாலைத் துறை. என் துறை முகம்.” டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நல்லாப் புரிஞ்சுக்கணும் நீ. பழைய காலத்துல என்ன செஞ்சாங்க? அதிகாரி போட்டோவ சுவர்ல மாட்டி மக்களப் பாக்கச் சொன்னாங்க. அது சர்வாதிகாரம். நாங்க ஜனநாயகவாதிங்க. மக்கள் எங்களப் பாக்கவே வேண்டாம். நாங்க மக்களப் பாக்கறோம், அதுல எங்களப் பாக்கறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாங்க தெரியறோமா, அப்ப ஊர் நல்லா இருக்கு. உன் வண்டிய மட்டும் பாக்கும்போது என்ன ஆகுது? நான் இல்லாத மாதிரி ஆகுது. அது அழுக்கா, அரசியலா?”

“அது கறுப்பு பெயிண்ட், டாக்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க” என்றார் டாக்டர்.

ஆனாலும் நியாயமானவர். வண்டி சுத்தமா இல்லையா என்று அறிய மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழுவை அங்கேயே அமைத்தார். குழுவில் டாக்டர், வில்ஃபிரிதோ, பசை தயாரிக்கும் மச்சான். அலுவலகப் பின்புறம் பாதாம் மர நிழலில் நோரெலிஸ் வண்டியைக் கழுவிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. குழாயில் தண்ணீர் இல்லை. ஆற்றிலிருந்து வாளியில் கொண்டுவந்து, மண் இறங்கும்வரை காத்திருந்து, மேலாக மொண்டு ஊற்றினோம். அவள் வழக்கம்போலத் தூசியை ஓடவிட்டாள், மெதுவாகத் துணியை இழுத்தாள், ஒற்றி எடுத்தாள். அந்த மினுங்கும் வட்டத்தின் மேல் துணி போகும்போது மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மச்சான் வெள்ளைக் கைக்குட்டையால் டேங்கைத் துடைத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. டயருக்கு மேலே துடைத்தார், வெள்ளை. சீட்டுக்கு அடியில் துடைத்தார், அங்கேயும் வெள்ளைதான். கடைசியில் வியர்த்துப்போய் அதே கைக்குட்டையால் தன் நெற்றியைத் துடைத்தார். அப்போதுதான் அது கறுத்தது.

குழு தனியாகப் போய்க் கூடிப் பேசித் திரும்பியது.

“அழுக்கு இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது” என்று டாக்டர் அறிவித்தார். “ஆனால் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இந்த வண்டி நிரந்தர அழுக்கு வகையைச் சேர்ந்தது.”

“அழுக்கே இல்லாத நிரந்தர அழுக்கா?” என்றேன் நான்.

“அதுதான் ஆபத்தானது. கழுவினாலும் போகாது” என்றார் மச்சான்.

அன்று சாயங்காலமே ஒலிபெருக்கி கட்டிய துறையின் கார் தெருத்தெருவாக வந்தது. இடையிடையே ஆடவைக்கும் கும்பியா பாட்டும் போட்டார்கள். கார்மென் மாதா திருநாளன்று காலை, மாதா ஊர்வலம் புறப்படுமுன், கோயில் வாசலில், நோரெலிஸ் பல்லெஸ்தாஸின் வண்டிக்கு டாக்டர் தம் திருக்கையாலேயே பாலிஷ் போடுவார். மறுத்தால் மேல்சட்டை நிரந்தரப் பறிமுதல். பொதுமக்கள் திரளாக வந்து கண்டு களிக்கவும்.

அன்று ஸ்டாண்டில் யாரும் சவாரிக்குக் கூப்பிடவில்லை. நோரெலிஸ் தன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“விட்டுக் குடுத்துடு நோரே” என்றேன். “ஒரு டேங்க் தான? ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்க. சட்டை போச்சுன்னா என்ன பண்ணுவ?”

“சட்டைய வாங்கிக்கட்டும்” என்றாள். “வாங்கிக்கட்டும்யா. பிள்ளைங்களுக்கு எதாவது செஞ்சு போடுவேன், வறுத்து விப்பேன். இத்தன நாள் அவன் மூஞ்சி தெரியறதுக்காக இந்தக் கை தேஞ்சது பத்தாதா? வெயில்ல கண்ணு அவிஞ்சு பள்ளத்துல விழுந்தவ நான். விழுந்ததுக்கு யாராவது வந்து பாத்தானா? இது ஒண்ணுதான் நானா பாத்து, எனக்குன்னு வாங்குனது. ஏற்கனவே ஒரு பொட்டு வச்சுட்டான். இன்னொரு பொட்டு வைக்க விடமாட்டேன்.”

என் டேங்கைப் பார்த்தேன். நான் மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தேன், அது எனக்கு அன்று பிடிக்கவில்லை.

ஓஸ்னாய்டர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “கார்னிவலுக்கு வாங்கின சோளமாவு ரெண்டு மூட்டை அப்படியே வீட்ல கெடக்கு.”

எங்கள் பக்கத்தில் கார்னிவல் என்றால் ஒருவர் மேல் ஒருவர் வெள்ளை சோளமாவை அள்ளிப் பூசுவதுதான். பூசினால் மேயர் யார், மீன்காரன் யார் என்று தெரியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தவள் நோரெலிஸ்தான்.

கார்மென் மாதா எங்களைப் போன்ற ஓட்டுநர்களின் மாதா. அவள் திருநாளில் தீயணைப்பு வண்டியின் மேல் மாதாவை ஏற்றுவார்கள். முன்னால் மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடிக்காமல் மாதா கோயில் வாசலை விட்டு நகர்ந்ததில்லை. வெள்ளம் வந்த வருடம்கூடத் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஹாரன் அடித்தோம்.

அன்று காலை டாக்டர் வெள்ளை உடுப்பில் வந்தார். பக்கத்தில் தட்டில் பசையை ஏந்தியபடி மச்சான். மேடை, ஒலிபெருக்கி, குடை, எல்லாம் தயார். ஊரே கூடியிருந்தது. நோரெலிஸ் வரிசையின் முன்னால் தன் கறுப்பு வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

“அன்பான மக்களே!” டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இன்று நாம் ஒரு பெண்ணைத் தண்டிக்கவில்லை. அவளுக்குள் என்னைக் கொண்டுவருகிறோம்! முதலில் மற்ற ஓட்டுநர்களின் ஒழுக்கத்தைப் பாருங்கள். ஆய்வாளரே, ஆய்வு செய்க!”

வில்ஃபிரிதோ சீப்பை எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்கு வந்தார். அது என்னுடையது. டேங்க் முழுக்க வெள்ளை. குனிந்தார், நிமிர்ந்தார், அடுத்த வண்டிக்குப் போனார். அதுவும் வெள்ளை. வரிசைக் கடைசிவரை போய்த் திரும்பி வந்தபோது மீசை சீவப்படாமலே இருந்தது.

“டாக்டர்” என்றார் மெல்ல. “நம்மள ஒருத்தர்கிட்டயும் காணோம்.”

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். டாக்டர் மேடையை விட்டு இறங்கி வந்து ஒவ்வொரு டேங்காகக் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் சோளமாவு.

“எல்லார் சட்டையும் பறிமுதல்!” என்று கத்தினார்.

“எடுத்துக்குங்க டாக்டர்” என்றான் ஓஸ்னாய்டர், சட்டையைக் கழற்றி நீட்டி. “ஆனா நாங்க இல்லாம ஹாரன் யாரு அடிப்பா? மச்சானா?”

நாங்களும் கழற்றினோம். நாற்பது மஞ்சள் சட்டைகளையும் வில்ஃபிரிதோவின் கையில் அடுக்கினோம். கடைசியில் சட்டைக் குவியலுக்கு மேலே அவருடைய கண் மட்டும்தான் தெரிந்தது. தீயணைப்பு வண்டியின் மேல் மாதா காத்திருந்தாள். பாதிரியார் அபுந்தியோ தீர்த்தக் கலயத்தோடு வியர்த்துக்கொண்டிருந்தார்.

“எலியோதோரோ, என்னப்பா நடக்குது? வெயில் ஏறுது” என்றார். “மாதாவ வெயில்ல நிறுத்தி வச்சிருக்க.”

“விதி, ஃபாதர். முகம் தெரியாத வண்டி போகக் கூடாது.”

“ஏம்பா, என் அங்கியில உன் மூஞ்சி தெரியுதா?”

டாக்டர் அனிச்சையாக அங்கியைப் பார்த்தார். ஊர் மொத்தமும் அவர் பார்த்ததைப் பார்த்துவிட்டது. முதலில் பெண்கள் சிரித்தார்கள், அப்புறம் தீயணைப்பு வீரர்கள் சிரித்தார்கள், சட்டைக் குவியலுக்குள்ளிருந்தும் ஒரு சிரிப்பு வந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

டாக்டர் கோபத்தில் தட்டிலிருந்து பசையை அள்ளிக்கொண்டு நோரெலிஸின் வண்டியை நோக்கி வந்தார். அவள் இறங்கவில்லை. டேங்கின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள்.

“மொதல்ல என் கையத் தேய்ங்க, டாக்டர்” என்றாள். “அது மினுங்கினா அப்புறம் டேங்க்குக்கு வாங்க.”

பசை அவர் விரலிடுக்கில் வழிந்து வெள்ளை உடுப்பில் சொட்டியது. பெரிய மேசைக்குப் பின்னால் இருந்து பழகியவருக்கு முன்னால் எதுவும் இல்லாமல் நிற்கத் தெரியவில்லை. கண்கள் அலைந்தன. அப்போதுதான் அவள் விரல்களுக்குப் பக்கத்தில் வில்ஃபிரிதோ தேய்த்த அந்த வட்டம் அவருக்குத் தென்பட்டது. குனிந்தார். நெருங்கினார். முகம் மலர்ந்தது.

“தெரிகிறது!” என்றார் ஒலிபெருக்கி இல்லாமலேயே. “என் மூக்கு தெரிகிறது! முகத்தில் எவ்வளவு பாகம் தெரிய வேண்டும் என்று விதி சொல்லவில்லை. துறையின் கருணையால் இந்த வண்டி சுத்தம் என்று அறிவிக்கிறேன்! எல்லாருக்கும் மன்னிப்பு! சட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள். ஊர்வலம் புறப்படட்டும்!”

கூட்டம் பெருமூச்சு விட்டது. எனக்கும் முடிந்தது என்று நிம்மதிதான். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், வண்டி தப்பித்தது, வேறென்ன வேண்டும்? வில்ஃபிரிதோ அவளுடைய மஞ்சள் சட்டையைத் தேடி எடுத்து மரியாதையாக நீட்டினார். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள். டாக்டர் இன்னும் குனிந்தபடி அந்தக் காசளவு வட்டத்தில் தன் மூக்கை ரசித்துக்கொண்டிருந்தார்.

நோரெலிஸ் கையை நீட்டி, பக்கத்தில் நின்ற ஓஸ்னாய்டரின் டேங்கிலிருந்து ஒரு சிட்டிகை சோளமாவை எடுத்தாள். டாக்டரின் மூக்குக்கு நேர் எதிரே, அந்த வட்டத்தின் மேல், பெருவிரலால் மெதுவாக ஒற்றினாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள்.

“இப்ப பாருங்க, டாக்டர்.”

அவர் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

அவள் ஹாரனை அழுத்தினாள். நாங்களும் அழுத்தினோம். மாதா புறப்பட்டாள்.